ஆர்க்னி தீவுகள்: கூரை போன மூன்று சர்ச்சும் கற்கால வீடுகளும் – போனவர்கள், போகப் போகிறவர்கள் வரலாம்

அபர்தீன்வாசி:

மே கடைசியில் நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மூன்று பேரும் ஆர்க்னிக்கு ஐந்து நாள் போய்வந்தோம். ஸ்காட்லாந்தின் வடக்கு முனையைத் தாண்டி எழுபது தீவுகள், அதில் இருபதில்தான் ஆள் நடமாட்டம். கிளம்பும் முன் தமிழில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். "பிரமிடைவிடப் பழமையான கிராமம்" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கிராமம், ஸ்காரா பிரே, பழசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியபின் நாங்கள் பேசிக்கொண்டிருப்பது இடிந்த சர்ச்சுகளைப் பற்றித்தான். தனித்தனியாகப் பார்த்தால் நாலு சுவர். கதை தெரிந்து வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே கொலை வழக்கு.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்னி நார்வே ராஜாவின் கீழ் இருந்தது. ஹாகோன், மேக்னஸ் என்று அண்ணன் தம்பி பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஆண்டார்கள். பங்காளிகள் என்றாலே கேட்க வேண்டாம். சண்டை முற்றி, ஈஸ்டர் சமயத்தில் எகில்சே என்ற சின்னத் தீவில் சமாதானம் பேசுவதாக முடிவானது. ஆளுக்கு இரண்டு கப்பல்தான் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தம். மேக்னஸ் இரண்டோடு வந்தான். ஹாகோன் வந்தது எட்டோடு. 1117ஐ ஒட்டி நடந்தது இது.

மேக்னஸ் மூன்று வழி சொன்னானாம்: என்னை ரோமுக்கோ ஜெருசலேமுக்கோ யாத்திரை அனுப்பு, இல்லை ஸ்காட்லாந்தில் சிறை வை, அதுவும் வேண்டாமென்றால் அங்கத்தைக் குறைத்து இருட்டறையில் போடு. மூன்றாவதற்கு ஹாகோன் தலையாட்டியும் கூட இருந்த தலைவர்கள் விடவில்லை. இரண்டில் ஒரு தலை விழுந்தாக வேண்டும் என்றார்கள். கொடி பிடிப்பவனிடம் கோடரியைக் கொடுத்தபோது மாட்டேன் என்றுவிட்டான். கடைசியில் சமையல்காரன் லிஃபோல்ஃப் தலையில் வந்து விடிந்தது. அவன் அழுதான் என்று இந்தப் பழைய கதையைச் சொல்லும் வரலாற்று நூலான ஆர்க்னி பிரபுக்களின் சாகாவிலேயே எழுதியிருக்கிறது.

எகில்சேக்கு டிங்வால் துறையிலிருந்து சின்ன ஃபெரி. இறங்கி மேட்டில் கால் மணி நேரம் நடந்தால் சர்ச். வழியெல்லாம் மாடுகள் வேலி வரை வந்து எங்களை எட்டிப் பார்த்தன. கூரை இல்லை, உள்ளே தரையெல்லாம் புல். மேற்குக் கோடியில் ஒரு வட்டக் கோபுரம், அயர்லாந்துப் பாணி. இப்போது நிற்பது சுமார் 15 மீட்டர், முன்பு இன்னும் உயரமாம். பீடம் இருந்த பகுதிக்கு மட்டும் கல்வளைவு அப்படியே நிற்கிறது. அதன் கீழே போய் நின்றால் காற்று சட்டென்று அடங்குகிறது. ஐந்து நாளில் காற்று அடங்கியது அங்கே மட்டும்தான்.

மாமா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். நாங்கள் தகவல் பலகையைப் படித்துக்கொண்டிருக்க, அவர் சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "மாப்ள, மேல போகப் போகச் சுருக்கிக்கிட்டே போயிருக்கான். தூக்குக்குண்டு போட்டா ஒவ்வொரு வரியிலயும் கணக்கு மாறும். சாரம் கட்ட மரம் எங்கருந்து கொண்டுவந்தான்?" என்றார். சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லை.

மற்ற இரண்டு சர்ச்சைப் பற்றி அடுத்த பதிவில். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

மணல்மேடு:

நல்லா எழுதறீங்க. ஆனா ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் எடின்பரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வருகிறோம், இரண்டு வாரம்தான். அவ்வளவு தூரம் வடக்கே போய், ஃபெரிக்குக் காசு, வண்டிக்குக் காசு, தங்கக் காசு. கடைசியில் கூரை இல்லாத சுவர். எடின்பரோவிலேயே கோட்டை, அபே எல்லாம் இருக்கே?

அபர்தீன்வாசி:

மணல்மேடு, நியாயமான கேள்விதான். இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் போகாதீர்கள், நானே சொல்கிறேன். போக ஒரு நாள், வர ஒரு நாள். நான்கு நாளாவது இருந்தால் யோசிக்கலாம். அபர்தீனிலிருந்து சில நாட்களில் மாலை 5 மணிக்குக் கப்பல், இரவு 11க்கு ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வால். காரில் வடக்கு முனை வரை போனால் ஸ்கிராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ரோம்னஸுக்கு ஒன்றரை மணி நேரம். இந்த வழியில் ஹாய் தீவின் ஓரமாகக் கடலுக்குள் தனியாக நிற்கும் 137 மீட்டர் கல்தூணைக் கப்பல் மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம். மாமாவைக் கூப்பிட்டேன், அவர் வாந்திப் பையைப் பிடித்தபடி "இருக்கட்டும்" என்றுவிட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். மேக்னஸின் அம்மா தோரா, சமாதானம் முடிந்து இரண்டு பேரும் வருவார்கள் என்று விருந்து தயார் செய்துவிட்டுக் காத்திருந்தாள். ஹாகோன் மட்டும் வந்தான். அந்த அம்மா அவனுக்கே பரிமாறிவிட்டு, உடலையாவது கொடு என்று கேட்டாளாம். அவனும் அழுதுவிட்டு, எடுத்துப் போய் எங்கே வேண்டுமோ புதைத்துக்கொள் என்றான். புதைத்தது பர்சே என்ற ஊரில் இருந்த சர்ச்சில். அது இன்றைய ஊருக்குள் இருந்ததா, எதிரே உள்ள குட்டித் தீவில் இருந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

அந்தக் குட்டித் தீவுக்குக் கடல் வற்றும்போது மட்டும்தான் நடந்து போக முடியும். வற்று நேரத்துக்கு முன்னால் இரண்டு மணி, பின்னால் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 12ஆம் நூற்றாண்டு சர்ச் ஒன்று, சுவர்கள் இடுப்பளவுதான். அதைச் சுற்றி நார்வேயிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ்காரர் வீடுகளின் அடித்தளம், அதற்கும் முந்திய பிக்ட் மக்களின் தடயம். ஈட்டியும் கேடயமுமாக மூன்று வீரர்கள் வரிசையாக நடக்கும் ஒரு கல் நிற்கிறது. அது நகல், அசல் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில்தான், மணல்மேடு!

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆர்ஃபிர். இது கொலைகாரன் கட்டியது என்று நம்பப்படுகிறது. ஹாகோன் பாவம் தீர்க்க ஜெருசலேம் வரை போனான். அங்கே ஏசுவின் கல்லறைமேல் இருந்த வட்டமான கோயிலைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் மாளிகைக்குப் பக்கத்தில் அதே மாதிரி வட்டமாகச் சின்னதாக ஒன்று. ஸ்காட்லாந்தில் இடைக்காலத்து வட்ட சர்ச் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். மிச்சம் என்றால் பீடம் இருந்த அரைவட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் சுவரும். பாதியாக உடைத்த தேங்காய் மூடியைச் செங்குத்தாக நிறுத்தியது போலக் கல்லறைகளுக்கு நடுவில் நிற்கிறது. நடுவில் கையகல ஜன்னல் ஒன்று. உள்ளே நான் நின்றேன், பக்கத்தில் இன்னொருவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

யாழ்வண்டி:

வணக்கம் அண்ணா. நாங்கள் லண்டனில் இருந்து மூன்று வருசத்துக்கு முந்திப் போனனாங்கள். ஐன்ஹாலோ என்று ஒரு தீவு இருக்குதே, நீங்கள் அதை விட்டிட்டீங்கள்!

எகில்சேக்குப் போற அதே வழியில், ரௌசே தீவுக்கும் பெரிய தீவுக்கும் இடையில் கிடக்குது. ஆள் இல்லாத தீவு. 1851இல் அங்க காய்ச்சல் பரவி, இருந்த சனத்தை வெளியேற்றி வீடுகளின்ரை கூரையைப் பிரிச்சவையாம். பிரிச்சுப் பார்த்தால், அவை குடியிருந்த வீடே ஒரு பழைய தேவாலயம். பரம்பரையாக அதுக்குள்ள அடுப்பு மூட்டிச் சமைச்சுச் சாப்பிட்டு இருந்திருக்கினம், ஒருத்தருக்கும் தெரியாது. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம்.

வழக்கமான ஃபெரி அங்க நிக்காது. வருசத்தில் ஒருக்கால், ஜூலையில், அங்கத்தைய மரபுச் சங்கம் ஒரு பயணம் ஒழுங்கு செய்யும். 1990இல் அப்படிப் போனபோது 88 பேர் இறங்கி 86 பேர்தான் திரும்ப ஏறினவை என்று சொல்லி, ஹெலிகொப்டர் எல்லாம் விட்டுத் தேடினவை. ஒருத்தரும் கிடைக்கேல்லை, காணேல்லை என்று ஒருத்தர் முறையிடவும் இல்லை. ஆளை எண்ணினதில்தான் பிழை என்று முடிச்சிட்டினம். ஆனால் ஊர்ச் சனம் சிரிச்சுக்கொண்டு வேற கதை சொல்லும். கடலுக்குள்ள வாழுற ஃபின் ஆக்களின்ரை தீவாம் அது. ஒரு கமக்காரன் உப்பை ஒன்பது வளையமாகத் தூவி அவையளிட்ட இருந்து பறிச்சதாம். என்ரை மகள் அண்டைக்கு முழுக்கப் பையில் உப்புப் பொட்டலம் வைச்சிருந்தவள்.

அபர்தீன்வாசி:

தங்கச்சி, ஐன்ஹாலோவை ஃபெரியிலிருந்து பார்த்தேன், கதை தெரியாமல் வெறும் புல்மேடு என்று நினைத்துவிட்டேன். ரொம்ப நன்றி. உப்புப் பொட்டலத்தை வீட்டில் சொன்னேன், மனைவி சிரித்து முடிக்கவில்லை.

கல்வெட்டுப்பித்தன்:

அபர்தீன்வாசி அவர்களின் பதிவில் படிப்பவர்களுக்கு ஒரு மயக்கம் வரலாம், அதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எகில்சேயில் இப்போது நிற்கும் கட்டடம் மேக்னஸ் கடைசியாக ஜெபித்த இடம் அல்ல. அவன் இறந்தபிறகு, அவனைப் புனிதனாகக் கொண்டாடத் தொடங்கிய காலத்தில் எழுப்பியது. அதற்கு முந்திய ஒரு சின்ன ஆலயத்தில்தான் அவன் ஜெபித்திருக்க வேண்டும், ஒருவேளை இதே இடத்தில். கொலை நடந்ததாகக் கருதப்படும் இடத்தில் தனியாக ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

வழக்கின் கடைசி சாட்சி கிர்க்வால் பேராலயத்தில் கிடைத்தது. மேக்னஸின் சகோதரி மகன் ரோக்ன்வால்ட் 1137இல் தொடங்கிய கட்டடம். 1919இல் பழுதுபார்க்கும்போது ஒரு தூணுக்குள் மரப்பெட்டி, அதில் எலும்புகள், மண்டையோட்டில் வெட்டு. சாகா சொன்ன கதையும் அதுதான்: திருடனைப்போல் என் கழுத்தை வெட்டாதே, முன்னால் நின்று தலையில் போடு என்று சமையல்காரனிடம் மேக்னஸே சொன்னதாக. எழுத்தில் இருப்பதும் எலும்பில் இருப்பதும் இப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

இன்னொன்று. டென்மார்க்–நார்வே அரசர் முதலாம் கிறிஸ்தியன் மகளை ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது சீர்ப்பணம் கையில் இல்லாமல் 1468இல் ஆர்க்னியை அடகு வைத்தார். மீட்கவே இல்லை. பிறகு 1486இல் ஜேம்ஸ் அந்தப் பேராலயத்தை கிர்க்வால் நகரத்தாருக்கே சாசனம் செய்துவிட்டார். இன்றும் அது எந்தத் திருச்சபைக்கும் சொந்தமில்லை. உள்ளூர் மன்றம்தான் பராமரிக்கிறது.

மணல்மேடு:

வரதட்சணை பாக்கிக்கு எழுபது தீவா! சரி, கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. அந்தக் கற்கால கிராமம் எப்படி? அம்மாவும் வருவாங்க, முழங்கால் வலி.

அபர்தீன்வாசி:

ஸ்காரா பிரேயில் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. வீடுகளுக்குள் இறங்க விடமாட்டார்கள், மேலே பாதையில் நடந்தபடி கூரை இல்லாத வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதுதான். 1850இல் ஒரு புயல் மணல்மேட்டைப் பிய்த்துக்கொண்டு போனபோது வெளியே தெரிந்த ஊர். மக்கள் இருந்தது கி.மு. 3180 வாக்கிலிருந்து கி.மு. 2500 வரை. நடுவில் அடுப்பு, இரண்டு பக்கமும் கல் கட்டில், வாசலுக்கு நேர் எதிரே இரண்டு தட்டு வைத்த கல் அலமாரி. எட்டு வீட்டில் பெரும்பாலானவற்றில் இதே அமைப்பு. ஹவுசிங் போர்டு வீடு மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. அலமாரியில் என்ன வைத்திருப்பார்கள் என்று அவளும் மாமாவும் அரை மணி நேரம் வாக்குவாதம். மரம் கிடைக்காத ஊர், அதனால் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கல்லில். அதனால்தான் ஐயாயிரம் வருடம் தாண்டியும் நிற்கிறது. மரத்தில் செய்திருந்தால் நாம் பார்த்திருப்பது வெறும் குழிதான்.

அந்த ஊர்க் கல்லே அப்படி. கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் அங்கே பெரிய ஏரி ஒன்று இருந்து, அதன் அடியில் வண்டல் படிந்து படிந்து இறுகிய பாறை. தட்டினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. மாமா கடற்கரையில் ஒரு துண்டைப் பொறுக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லு இல்ல மாப்ள, பலகை. கொத்தனுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார்.

மேஸ்ஹவ் வேறு விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் புல் முளைத்த மேடு, உள்ளே கல்லறை, கி.மு. 2800 வாக்கில் கட்டியது. சுமார் 10 மீட்டர் நீளப் பாதையில் இடுப்பை மடித்துக் குனிந்தபடியே போக வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம். வழிகாட்டியோடுதான் விடுவார்கள், டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடுங்கள், உள்ளே போட்டோ கூடாது. நிமிர்ந்ததும் மாமா விதானத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வரிக் கல்லும் கீழே உள்ளதைவிட ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, நாலு பக்கமும் மேலே போகப் போக நெருங்கி வருகிறது. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. வழிகாட்டிப் பெண் நடுக் குளிர்காலத்தில் மறையும் சூரியனின் வெயில் பாதை வழியாக வந்து பின்சுவரில் விழும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா என் காதில் "வெயிலக் கேட்டுக்கலாம், இந்த மூலைக்கல்லப் பாரு" என்றார். மூலைக்கு ஒன்றாக ஆளுயரத்தைத் தாண்டிய கல் நிறுத்தியிருக்கிறார்கள். இணைப்பில் கத்தி நுழையாது.

கல்வெட்டுப்பித்தன்:

அங்கே நார்ஸ்காரர் கிறுக்கிவைத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! 12ஆம் நூற்றாண்டில் மேட்டை உடைத்து உள்ளே புகுந்து சுமார் முப்பது இடத்தில் அவர்களுடைய பழைய எழுத்தான ரூன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஜெருசலேம் யாத்திரைக்காரர்கள் உடைத்தார்கள் இதை என்று ஒன்று. இங்கிகெர்த் பெண்களிலேயே அழகி என்று ஒன்று. உயரமான இடத்தில் ஒருவன், "தோல்ஃபிர் கோல்பெய்ன்சன் இந்த ரூன்களை உயரத்தில் செதுக்கினான்" என்று எழுதியிருக்கிறான். நம்மூர் மலைக்கோட்டைச் சுவரில் கரிக்கட்டியால் பேர் எழுதுகிறவனுக்கு 900 வயது அண்ணன்.

தென்னாட்டான்:

ஆர்க்னியில் இருக்கற ஸ்டென்னஸ், பிராட்கர் கல்வட்டம் போட்டோ பார்த்தேன். இது நம்ம ஊர்க் கல்வட்டம், நெடுங்கல் அப்படியே. நம்ம ஆட்கள் கடல் வழியாப் போய்க் கட்டியிருக்கணும். இதை ஏன் யாரும் பேசறதில்லை?

கல்வெட்டுப்பித்தன்:

ஐயா, வட்டமாகக் கல் நட எவரும் எவரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. நம் கல்வட்டங்கள் ஈமச்சின்னங்கள், உள்ளே தாழியோ கல்லறையோ இருக்கும். பிராட்கர் 104 மீட்டர் குறுக்களவு, சுற்றிலும் பாறையைக் குடைந்து வெட்டிய அகழி. முதலில் 60 கல் இருந்திருக்கும் என்கிறார்கள். வட்டத்தின் உட்புறம் இன்னும் முழுமையாக அகழப்படவே இல்லை. உருவம் ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால் இட்லிக்கும் சந்திரனுக்கும் சம்பந்தம் பேச வேண்டிவரும்.

யாழ்வண்டி:

ஸ்டென்னஸில் முந்தி ஓட்டை போட்ட ஒரு கல் நின்றதாம். காதலிக்கிற சோடி ரெண்டு பக்கமும் நின்று ஓட்டைக்குள்ளால கைகோத்துச் சத்தியம் பண்ணுமாம். 1814இல் காணியைக் குத்தகைக்கு எடுத்த ஒருத்தன், சனம் வந்து பயிரை மிதிக்குது என்று அதை உடைச்சுப் போட்டான். வெளியூர்க்காரன். ஊர்ச் சனம் ஆத்திரத்தில் அவன்ரை வீட்டுக்கு நெருப்பு வைக்கப் பாத்தவையாம்.

மணல்மேடு:

முடிவு பண்ணிட்டோம், ஐந்து நாள். அபர்தீன்வாசி, நீங்க மாட்டிக்கிட்ட விஷயம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, நாங்க மாட்டாம இருக்க.

அபர்தீன்வாசி:

இரண்டு இருக்கிறது. முதலாவது காற்று. வாடகைக் கார் எடுத்த இடத்தில் "கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திற" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். நான் கேட்டேனா? பிராட்கர் வண்டி நிறுத்தத்தில் திறந்த கதவைக் காற்று அப்படியே பிடுங்கி முன்பக்கமாக மடித்தது. கீல் வளைந்து, அப்புறம் அந்தக் கதவு சாத்தவே இல்லை. மீதி நாள் முழுக்க மனைவி உள்ளிருந்து துப்பட்டாவால் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். காற்றுச் சேதம் காப்பீட்டில் வராது என்று திருப்பிக் கொடுக்கும்போது தெரிந்தது. காற்றுக்கு முகம் காட்டி வண்டியை நிறுத்துங்கள், கதவு தப்பிக்கும்.

இரண்டாவது பர்சே. பஃபின் பறவை பார்க்கிறேன் என்று செங்குத்து ஓரமாகத் தீவின் அந்தப் பக்கம் வரை போய்விட்டோம். திரும்பும்போது பாதையின் நடுப்பகுதியில் தண்ணீர் கணுக்கால் அளவு. மாமா தூத்துக்குடிப் பக்கம், எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கடல் ஏறுது, செருப்பக் கழட்டாத, பாசி வழுக்கும்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். இன்னும் இருபது நிமிடம் போயிருந்தால் அடுத்த வற்று வரை அங்கேயேதான். ஏற்ற இறக்க நேரம் உள்ளூர்த் தகவல் மையத்தில் எழுதிப் போட்டிருப்பார்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எகில்சே ஃபெரிக்கு முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், திரும்பும் நடை எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கடையை நம்பாதீர்கள், நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் சர்ச் மதிலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டோம். வரிசை என்று கேட்டால் எகில்சே, பர்சே, ஆர்ஃபிர், கடைசியாக கிர்க்வால். நாள் கிடைக்காவிட்டால் எகில்சேயை விட்டாலும் ஆர்ஃபிரை விடாதீர்கள். காரில் கிர்க்வாலிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது, கட்டணமும் இல்லை.

யாழ்வண்டி:

அண்ணா, ஆர்ஃபிரில் மாமா என்ன சொன்னவர்? அவருக்கு ஏதும் சொல்ல இருந்திருக்குமே.

அபர்தீன்வாசி:

ஆர்ஃபிரில் அவர் பேசவே இல்லை தங்கச்சி. வட்டம் இருந்த இடத்தைக் காலடி வைத்து அளந்தார். மீதிச் சுவர் எங்கே என்று கேட்டார். 1757இல் பக்கத்திலேயே புதுசாக ஒரு சர்ச் கட்டக் கல் வேண்டும் என்று இதை இடித்துவிட்டார்கள் என்று பலகையைப் படித்துச் சொன்னேன்.

"சரி, அந்தப் புதுசு எங்க?"

அதையும் இடித்துவிட்டார்கள் என்றேன். தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டார். "அப்ப அந்தக் கல்லு இப்ப எவன் வீட்ல இருக்கோ" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு மாட்டுத் தொழுவச் சுவரையும் நின்று நின்று பார்த்துக்கொண்டே வந்தார்.